அரக்குத் தட்டைத் துடைப்பதற்கு முன்



போன வாரம் என் தம்பி மகன் போன் செய்தான். ஊர் வீட்டைக் காலி செய்கிறார்கள். மச்சில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தால், உள்ளே தாத்தாவின் கிராமபோன் தட்டுகள். "பெரியப்பா, ஒரே தூசி. போட்டால் கரகரன்னு சத்தம்தான் வருது. ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா பளபளன்னு ஆயிடும்னு ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம், கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் டீச்சரம்மா எழுந்து வந்துவிட்டார்கள். ஏன் அப்படிப் பதறினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே நான், பொறுத்துக்கொள்வீர்கள்.

1974. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் தங்கை கல்யாணத்துக்காக வீட்டுக் கதவுகளுக்கு மெருகு போட ஆசாரி வந்திருந்தார். அவலரக்கை ஒரு பாட்டிலில் போட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி மூடி வைப்பார். மறுநாள் அரக்கு முழுக்கக் கரைந்து தேன் நிறத்தில் நிற்கும். அதைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் கதவு கண்ணாடி மாதிரி மின்னும். வேலை முடிந்ததும் அரை பாட்டில் ஸ்பிரிட் மிச்சம். நல்ல பொருள் வீணாகக்கூடாதே என்று, அப்பாவின் தட்டு ஒன்றை எடுத்து அந்த ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தேன். துணியில் கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு என்று மகிழ்ந்து இன்னும் தேய்த்தேன். வந்தது அழுக்கு அல்ல, தட்டேதான். அந்தக் கால கிராமபோன் தட்டு அரக்கால் ஆனது. ஆசாரியின் பாட்டிலுக்குள் கரைந்ததும் அதே பொருள்தான். "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட வேதியியல் வாத்தியார் செய்த காரியம் இது.

அது எஸ்.ஜி. கிட்டப்பா தட்டு. செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழு வயதில் மறைந்த நாடக மேதை. அவர் சினிமாவுக்கு வரவில்லை. அந்தக் குரல் இன்று நமக்குக் கிடைப்பது அரக்குத் தட்டுகளால்தான். அப்பா சிறுவயதில் அவர் நாடகத்தைக் கொட்டகையில் கண்ணால் பார்த்தவர். நான் துடைத்த பக்கம் மங்கிப்போய், போட்டால் 'உஸ்' என்ற இரைச்சலுக்கு அடியில் யாரோ தூரத்தில் கூப்பிடுவது போலக் கேட்டது. அப்பா திட்டவில்லை. தட்டை வாங்கி உறைக்குள் போட்டு, பெட்டியில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் திறந்து நான் பார்க்கவில்லை.

அன்று முதல் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம். தட்டில் வரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது, அதைப் போக்க யார் யார் என்ன செய்தார்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் தெரிந்துகொண்ட ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இரைச்சலில் இரண்டு வகை உண்டு. ஒன்று தட்டின் மேல் வந்து ஒட்டியது, மற்றது தட்டோடு பிறந்தது. முன்னதைக் கழுவலாம். பின்னதைக் கழுவப் போனால் பாட்டையும் சேர்த்துக் கழுவிவிடுவோம்.

எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்தது உருளையில். தட்டு வடிவத்தைக் கொண்டுவந்தவர் எமில் பெர்லினர், 1887இல். முதலில் கெட்டி ரப்பரில் தட்டு செய்து பார்த்தார். அது சரிவரவில்லை. 1890களின் பிற்பகுதியில் அரக்குக் கலவைக்கு மாறினார்கள். அந்த அரக்கு எங்கிருந்து போனது தெரியுமா? நம் நாட்டிலிருந்துதான். சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. காட்டு மக்கள் சுரண்டி எடுத்ததை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து, உடைத்தால் அவலரக்கு. கல்கத்தாத் துறைமுகம் வழியாக உலகமெங்கும் போனது. 1908இல் கிராமபோன் கம்பெனி கல்கத்தா சியால்டாவில் தட்டுத் தொழிற்சாலையே தொடங்கியது. 1928இல் அது டம்டம்முக்குப் போனது. நம் வீடுகளில் 'நாய் மார்க் ரிகார்டு' என்று சொன்னோமே, அது அங்கே அச்சானதுதான்.

ஆனால் தட்டு முழுக்க அரக்கு இல்லை. அரக்கு பசை மாதிரி. எடையில் பெரும்பங்கு கற்பொடி, அதோடு கொஞ்சம் பஞ்சு இழை, கறுப்பு நிறத்துக்குக் கரிப்பொடி. கற்பொடி ஏன்? விலை குறையும், தட்டு கெட்டிப்படும் என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து எஃகு ஊசியின் முனை, தட்டின் வரிக்குச் சரியாகப் பொருந்தாது. தட்டு சுற்ற ஆரம்பித்ததும் அந்தக் கற்பொடியே சாணைக்கல் போல ஊசியைத் தேய்த்து, வரியின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஊசி தேயவேண்டும் என்றே தட்டைச் செய்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி, பாட்டு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று ஊசி டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் வீடுகளில் யார் கேட்டார்கள்? ஓர் ஊசியைப் பத்துப் பாட்டுக்கு ஓட்டினோம். தேய்ந்த ஊசி உளி மாதிரி ஆகிவிடும். பிறகு அது வரியைச் செதுக்க ஆரம்பிக்கும்.

சாணைக்கல்லில் கத்தியை வைத்தால் சத்தம் வராமல் இருக்குமா? அரக்குத் தட்டில் எப்போதும் ஓடுகிற 'உஸ்' அந்தச் சத்தம்தான். தட்டு புத்தம் புதிதாகக் கடையிலிருந்து வந்தபோதும் அது இருந்தது. அதைக் குறைக்க 1920களில் கொலம்பியா கம்பெனி ஒரு வழி கண்டது. உள்ளே முரட்டுக் கலவை, மேலே இருபுறமும் நைசான நல்ல அரக்குப் படலம். ஆக, இரைச்சலோடு நடந்த முதல் சண்டை வீட்டில் துடைக்கும் துணியால் நடக்கவில்லை, தொழிற்சாலையில் நடந்தது.

வீட்டில் நடந்தது வேறு. எங்கள் ஆச்சி தட்டை முந்தானையால் துடைப்பாள். பண்டிகை நாளென்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் எண்ணெய் வரிக்குள் தங்கி, பறக்கிற தூசியையும் ஊசி தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பத்து வருஷத்தில் அது களிம்பாகிவிடும். ஆச்சியைக் குறை சொல்லவில்லை. மின்னுவதெல்லாம் சுத்தம் என்று நானும்தானே ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கினேன்.

அரக்குக்கு முடிவு கட்டியது இரண்டாம் உலகப் போர். போர்க் காரியங்களுக்கு அரக்கு தேவைப்பட்டது, கப்பல் போக்குவரத்தும் சிக்கலானது. 1942இல் அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்குக் கொடுக்கும் அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு என்று மக்களிடம் வாங்கி, அரைத்து, மறுபடியும் தட்டாக்கினார்கள். எத்தனை குரல்கள் அப்படி மாவாகப் போயினவோ. 1943இல் படைவீரர்களுக்காக அனுப்பிய 'வி டிஸ்க்' என்ற தட்டுகளை வினைல் பிளாஸ்டிக்கில் அச்சிட்டார்கள். கப்பலில் அரக்குத் தட்டு அப்பளமாக நொறுங்கியது, வினைல் வளைந்து கொடுத்தது. 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி. தட்டை வெளியிட்டது. 78 சுற்றுத் தட்டில் மூன்று, நாலு நிமிடம் ஓடிய இடத்தில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. வினைலில் கற்பொடி இல்லை. அந்தப் பழைய 'உஸ்' போய்விட்டது.

அப்பாடா என்று உட்காரும்போது புது வில்லன் வந்தான். தூசி!

அரக்குத் தட்டு காலத்திலும் தூசி இருந்தது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் இருமினால் யாருக்குக் கேட்கும்? வினைல் அமைதியான அறை. அங்கே சின்ன இருமலும் கேட்கும். மேலும், 78 தட்டுக்கான ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான், எல்.பி.க்கு 25 மைக்ரான்தான். வரி அவ்வளவு நுண்மையாகிவிட்டதால் முன்பு மணலாகத் தெரிந்த தூசி இப்போது பாறாங்கல். ஊசி அதில் இடிக்கும்போதெல்லாம் கடுகு தாளிக்கிற மாதிரி 'படபட' என்று வெடிக்கும்.

தூசி எப்படி ஒட்டுகிறது? எட்டாம் வகுப்பில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்கிக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான். வினைல் மின்சாரத்தைக் கடத்தாது. உறையிலிருந்து உருவினாலே நிலைமின்னேற்றம் வந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் கூடும். துடைக்கத் துடைக்கத் தூசியை அழைக்கிறோம். அரக்குக்குப் பழகிய கை, வினைலிலும் அதையே செய்து ஏமாந்தது.

இந்த இடத்தில் செசில் வாட்ஸ் என்ற ஆங்கிலேயரைச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுத் தொழிலில் ஊறியவர். அலுமினியத் தகட்டில் பூச்சுப் பூசி நேரடியாக ஒலியைச் செதுக்கும் தட்டுகளை 1930களில் செய்தவர். வரிக்குள் என்ன கிடக்கிறது என்று நுண்ணோக்கி வழியாகப் படம் பிடித்துப் பார்த்தார். 1950களில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த சாதனத்தின் பெயர் 'டஸ்ட் பக்', தூசிப் பூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கை, நுனியில் மெல்லிய தூரிகை, அதற்குப் பின்னால் லேசாக ஈரம் தொட்ட பட்டுருளை. தட்டு ஓடும்போது ஊசியோடு கூடவே போய் வரியைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். அவர் கண்டது எளிமையான விஷயம். கொஞ்சம் ஈரம் இருந்தால் மின்னேற்றம் வடியும், தூசி விடும்.

கொஞ்சம் ஈரம் நல்லது என்றால் நிறைய ஈரம் இன்னும் நல்லதுதானே என்று சிலர் போனார்கள். தட்டு ஓடும்போதே நீர்மத்தை வரியில் விட்டு, நனைத்துக்கொண்டே கேட்கும் சாதனம் ஐரோப்பாவில் வந்தது. கேட்கும்போது மிக அமைதி. ஆனால் நீர் காய்ந்ததும் அதில் கரைந்திருந்த அழுக்கு வரியின் அடியில் படிந்துவிடும். அடுத்த முறை உலர்ந்த நிலையில் போட்டால் முன்பைவிட மோசம். வாளித் தண்ணீரில் தரையைத் துடைத்து, பிழியாமல் அப்படியே காயவிட்டால் என்ன ஆகும்? நம் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்.

அழுக்கை ஊறவைப்பது பாதி வேலைதான், ஊறிய நீரைக் காய்வதற்குள் வெளியே எடுப்பது மீதி வேலை. இதைச் சாதனமாக்கியவர் பெர்சி வில்சன். இங்கிலாந்தின் 'கிராமபோன்' பத்திரிகையில் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்தவர். அவர் வழியைப் பின்பற்றி கீத் மங்க்ஸ் என்பவர் 1969இல் இயந்திரம் கட்டி விற்க ஆரம்பித்தார். பிபிசி வானொலிக்காரர்கள் பயன்படுத்தினார்கள். தட்டின் மேல் நீர்மத்தைப் பரப்பித் தூரிகையால் தேய்ப்பார்கள். பிறகு உறிஞ்சும் குழாய் ஒன்று உள்ளிருந்து வெளியே மெல்ல நகரும். குழாய்முனை தட்டைத் தொட்டுக் கீறிவிடக்கூடாது, ஒரு முறை எடுத்த அழுக்கை அடுத்த வரியில் தடவிவிடவும் கூடாது. அதற்காக முனையில் ஒரு நைலான் நூல். தட்டில் படுவது அந்த நூல்தான். நூலும் ஒரு கண்டிலிருந்து நகர்ந்துகொண்டே இருப்பதால் எப்போதும் புது நூல்தான் தட்டில் படும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நூல்தான். துடைக்கிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று யோசித்த மனிதர் அல்லவா!

இனி, ஆவணக் காப்பகங்கள் என்ன செய்கின்றன? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தட்டு கழுவ எடுப்பது, தாதுக்கள் நீக்கிய சுத்தமான நீரில் மிகச் சிறிதளவு கலந்த, வாசனையோ எண்ணெயோ சேராத ஒரு சலவைப் பொருள். சோப்பு ஏன் என்று வகுப்பில் படித்தீர்கள். வெறும் நீர் பரப்பு இழுவிசையால் முத்துமுத்தாக உருண்டு நிற்கும், நுண்ணிய வரிக்குள் இறங்காது. ஒரு துளி சலவைப் பொருள் அதை உள்ளே இறக்கும். அரக்குத் தட்டு என்றால் ஆல்கஹால் கிட்டவே வரக்கூடாது என்பது உலகக் காப்பகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி. நான் 1974இல் மீறிய விதி.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. முன்பு சொன்ன, அலுமினியத்தின் மேல் பூச்சுப் பூசிய தட்டு. வானொலி நிலையங்கள் பயன்படுத்தியவை. அந்தப் பூச்சு இளக்கமாக இருக்க அதில் ஆமணக்கெண்ணெய் சேர்ப்பார்கள். வருஷங்கள் போனால் அந்த எண்ணெய் சிதைந்து, தட்டின் மேல் வெள்ளையாகப் பூக்கும். பார்ப்பவர் பூஞ்சை என்று நினைத்து அழுத்தித் துடைத்தால் பூச்சே உரிந்து வரும். மூன்று தட்டும் கண்ணுக்குக் கறுப்பு வட்டம்தான். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு விஷம்.

கழுவியும் போகாத இரைச்சலுக்கு என்ன செய்வது? 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர், விட்டாலி ஃபடேயெவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். அணுத்துகள்களின் தடத்தைப் படம் பிடித்து அளக்கிறவர்கள் அவர்கள். தட்டின் வரியும் ஒரு தடம்தானே என்று யோசித்தார்கள். ஊசியே படாமல், வரியை நுணுக்கமாகப் படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்து கணினி ஒலியைத் திரும்ப வரவழைக்கும். கீறலும் தூசியும் படத்தில் தனியாகத் தெரிவதால் விலக்கிவிடலாம். உடைந்த தட்டைக்கூட இப்படிக் கேட்க முடியும். அந்த முறைக்கு 'ஐரீன்' என்று பெயர். படம் பிடி, மீட்டெடு, இரைச்சலை அழி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அதில் இருக்கின்றன. ஆனால் அதற்கும் வரி இருந்தாக வேண்டும். ஸ்பிரிட்டில் கரைந்துபோன வரியை எந்தக் கேமராவும் படம் எடுக்க முடியாது.

ஆகவே என் தம்பி மகனுக்கும், பரணில் இப்படிப் பெட்டி வைத்திருக்கும் உங்களுக்கும் சொல்வது இதுதான்.

முதலில் தட்டு எந்த இனம் என்று பாருங்கள். கனமாக, வளையாமல், விரலால் தட்டினால் ஓடு மாதிரி 'டங்' என்றால் அரக்கு. லேசாக, வளைந்து கொடுத்தால் வினைல். சினிமாப் பாட்டுத்தானே, பழசாக இருக்காது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 1960களிலும் 78 சுற்றுத் தட்டு அச்சானது. பீட்டில்ஸ் பாட்டே இங்கே அப்படி வந்திருக்கிறது! மேலே வெள்ளை பூத்தோ, பூச்சு வெடித்தோ இருந்தால் தொடவே வேண்டாம்.

அரக்கோ வினைலோ, முதலில் மிருதுவான தூரிகையால் வரியின் போக்கிலேயே தூசியைத் தட்டுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். பிறகு, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டரில், வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு துளி. சுத்தமான மிருதுத் துணியில் தொட்டு வட்டமாகத் துடைத்து, வெறும் வடிநீரால் இன்னொரு முறை துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். நடுவில் உள்ள காகிதச் சீட்டு நனையக்கூடாது. ஊறப்போடக் கூடாது. விரிசல் இருந்தால் தண்ணீரே வேண்டாம். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைக்காதீர்கள், அது வரியின் அடியில் போய்க் குப்பையைத்தான் கிளறும்.

இவ்வளவும் செய்த பிறகும் 'உஸ்' கேட்டால் விட்டுவிடுங்கள். அது அழுக்கு அல்ல, கல்லும் அரக்கும் பேசுகிற சத்தம். கிட்டப்பா காலத்துக்காரர்கள் அந்தச் சத்தத்தோடுதான் கேட்டார்கள்.

நேற்று தம்பி மகன் பெட்டியில் இருந்த தட்டுகளின் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினான். அதில் அந்தத் தட்டும் இருக்கிறது. ஒரு பக்கம் மங்கல், என் கைவேலை. புரட்டி எடுத்த படத்தில் மறுபக்கம் கறுப்பாக, வரி வரியாக, முழுசாக இருக்கிறது. அன்று நான் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். வடிநீரும் தூரிகையும் எடுத்துக்கொண்டுதான். அதுவரை யாரும் பெட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் தட்டுகள் இருந்தால் பழைய இரும்புக்குப் போடும் முன், ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கும் முன், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வேதியியல் வாத்தியார்